தோற்கத் தெரிந்த நடிகர் டி. எஸ். பாலையா

எமது மட்டக்களப்பு நாட்டிலே கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், பழக்கத்தின் தொடக்கத்தில் சட்டங் கொடுக்கும் சடங்கொன்றை நடத்துவர். இன்ன பாத்திரம் இன்னாருக்கு என்று தீர்மானித்து ஏட்டைக் கையளிக்கும் அவ்வேளையிலே, இளைஞர் பலரும் அருச்சுனனையும் அபிமன்னனையுமே எதிர்நோக்கி நிற்பர். சகுனிக்கும் சேனாபதிக்கும் தூதனுக்கும் ஆள் பிடிப்பதுதான் அண்ணாவியாருக்குப் பெரும்பாடு. ஆயினும் பதினெட்டாம் போரை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் ஒன்றை நன்கறிவர். எதிர்ப்பக்கம் நின்றவனின் ஆட்டந் தளர்ந்தால், வென்றவனின் வீரமும் அன்றைக்குச் சோபிப்பதில்லை.

இந்த உண்மையை வெள்ளித்திரையிலே முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்பித்துக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே எழுத விரும்புகின்றோம். அவர்தாம் டி. எஸ். பாலையா. கதாநாயகர்களின் வாழ்க்கை வரலாறுகள் நூல்களாகவும் மலர்களாகவும் வந்து குவிந்துள்ளன. அவர்களுக்குப் பக்கத்திலே நின்றவர்களைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. பாலையாவின் முகத்தைக் கண்டால் அடையாளங் காட்டாத தமிழர் இல்லை எனலாம். அவர் பிறந்த ஊர் எது என்று கேட்டாலோ பலரும் விழிப்பர்.

அவ்வூர் சுண்டன்கோட்டை. அந்நாளிலே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 23ஆந் திகதி பாலையா அங்கே பிறந்தார். தென்பாண்டி நாடும் மதுரையும் அக்காலத்திலே நாடகக் கம்பெனிகளின் நாற்றங்காலாக விளங்கின. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வழியிலே சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் பழக்கிய பாய்ஸ் கம்பெனிகள் ஊரூராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்தின. என். எஸ். கிருஷ்ணன், பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன் என்று பின்னாளிலே பெயர்பெற்றோர் பலரும் அந்த நாடக மேடைகளில் வளர்ந்தவர்களே. பாலையாவும் நாடக மேடையிலிருந்தே படவுலகுக்கு வந்தார்.

ஒலிபெருக்கி பரவாத அந்த நாளிலே, கொட்டகையின் கடைசிப் பலகையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசவேண்டும். ஒரே நடிகன் இன்று அரசனாகவும் நாளை தோழனாகவும் மறுநாள் கள்வனாகவும் வேடம் மாறவேண்டும். குரலை ஏற்றவும் இறக்கவும், நடுக்கவும் குழைக்கவும் பாலையாவுக்குப் பின்னாளிலே இருந்த வல்லமையைக் கேட்டவர்கள், அந்த மேடைப் பயிற்சியின் அருமையை உணர்வர்.

அவர் திரையில் தோன்றிய முதற்படம் 1936ஆம் ஆண்டு வெளிவந்த சதிலீலாவதி. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அம்மனிதர், கலிபோர்னியாவிலே படக்கலை கற்றுவிட்டு இந்தியாவுக்கு வந்து, 1950ஆம் ஆண்டுவரை தமிழ்ப்படங்களை இயக்கிக்கொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது. மொழி தெரியாத இயக்குநர் நடிகனின் முகத்தையும் உடலையும் பார்த்தே நடிப்பை எடைபோட வேண்டும். பாலையாவுக்கு இது வாய்ப்பாகவே அமைந்தது என்பது எமது எண்ணம்.

அப்படத்திலே எம். கே. ராதா கதாநாயகர். அவரை நயவஞ்சகமாக மதுவுக்குப் பழக்கிக் குடியைக் கெடுக்கும் இராமநாதனாகப் பாலையா நடித்தார். மதுமயக்கத்திலே நண்பனைக் கொன்றுவிட்டதாக அஞ்சும் நாயகன் எங்கே ஓடுகின்றான்? எமது இலங்கைக்குத்தான். இங்கே தேயிலைத் தோட்டத்திலே கூலியாளாக உழைக்கின்றான். மலையகத் தொழிலாளரின் துயரைத் தமிழ்த்திரை தொட்ட முதற்படங்களுள் அது ஒன்று என்பதனால், ஈழத்தவராகிய நாம் அதனை மறத்தலாகாது. அதே படத்திலே ஒரு சிறிய பொலிஸ் அதிகாரி வேடத்திலே முதன்முதலாகத் திரைக்கு வந்த இளைஞர், எமது கண்டிச் சீமையிலே பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன். அன்றைக்குப் பாலையாவின் வேடமே பெரிது, எம். ஜி. ஆருடையது சிறிது. இருபது ஆண்டுகள் கழிந்து, 1956ஆம் ஆண்டு மதுரை வீரன் வெளியானபோது எம். ஜி. ஆர் நாடறிந்த நாயகர். பாலையா அவரை எதிர்த்துச் சூழ்ச்சி செய்யும் நரசப்பன். ஒருவர் மேலே மேலே ஏறினார். மற்றவர் நின்ற இடத்திலேயே வேரூன்றினார்.

இவ்விடத்திலே மேல்நாட்டுச் செய்தியொன்றையும் சொல்லவேண்டியுள்ளது. ஹொலிவூட்டிலே ஒஸ்கார் எனப்படும் பரிசினைத் துணைநடிகருக்கும் தனியே வழங்கவேண்டும் என்ற முறை 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே ஆரம்பமாயிற்று. அதனை முதலிலே பெற்றவர் வால்டர் பிரென்னன். தொடர்ந்து 1938, 1940ஆம் ஆண்டுப் படங்களுக்காகவும் அவரே பெற்றார். பாலையா திரைக்கு வந்த அதே ஆண்டிலே அமெரிக்கா துணைநடிகனுக்கென்று ஓர் ஆசனத்தைப் போட்டுவிட்டது. இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளிலோ அத்தகைய பரிசு 1984ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதலாக வழங்கப்பட்டது. அப்போது பாலையா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1937ஆம் ஆண்டிலே டங்கன் இயக்கிய அம்பிகாபதி வெளிவந்தது. கம்பரின் மைந்தன் அம்பிகாபதியாக எம். கே. தியாகராஜ பாகவதர், சோழன் மகள் அமராவதியாக எம். ஆர். சந்தானலட்சுமி, தளபதி உருத்திரசேனனாகப் பாலையா. பாகவதரின் பாட்டுக்காகவே மக்கள் திரண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படத்து வாட்போரைப் பற்றியும் மக்கள் நெடுநாள் பேசினர். மென்மையான இசைவாணராகிய பாகவதரை வாளேந்திய வீரராக மக்கள் நம்பவேண்டுமாயின், எதிரே நின்று வாள்வீசியவர் மெய்யாகவே அஞ்சத்தக்கவராய் இருத்தல் வேண்டும். பாலையா அவ்வாறு இருந்தார். பின் முறைப்படி தோற்றார்.

இதற்குப் பின் பத்தாண்டு காலத்தை நாம் விரைந்து கடக்கலாம். வில்லன் என்றால் பாலையா என்று முத்திரை குத்தப்பட்ட காலம் அது. வேறொருவராயின் அந்த முத்திரையோடு முடிந்திருப்பார்.

அதனை உடைத்தது 1949ஆம் ஆண்டு ஜுபிடர் நிறுவனத்தார் எடுத்த வேலைக்காரி. சி. என். அண்ணாத்துரையின் கதைக்கு ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கம். தந்தையைச் சாவுக்குத் தள்ளிய செல்வன்மேல் பழிதீர்க்கக் கத்தியோடு புறப்படும் ஆனந்தனாகக் கே. ஆர். இராமசாமி கனல் கக்குகின்றார். அவருடைய தோழன் மணியாக வருபவர் பாலையா. கத்தியால் ஆகாததை மதியால் முடிக்கலாம் என்று தோழனைத் தடுத்து, ஆள்மாறாட்டத்துக்கு வழிகாட்டி, கதை முழுவதையும் பின்னாலிருந்து நடத்துகிறவன் மணி. கோபமெல்லாம் நாயகனுக்கு; நிதானம் தோழனுக்கு. அண்ணாத்துரையின் கருத்துக்களை எமது வாசகர் ஏற்பினும் மறுப்பினும், அந்த வாதங்கள் மக்கள் மனத்திலே தைத்தமைக்குப் பாலையாவின் அமைந்த குரலும் ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆசிரியரின் ஓர் இரவு படமானபோது, பாலையா மீண்டும் கொடியவன் ஜெகவீரனாக மாறினார். மணியையும் ஜெகவீரனையும் செய்தவர் ஒருவரே என்பது இன்று பார்ப்போருக்கும் வியப்பைத் தரும்.

1954ஆம் ஆண்டின் தூக்குத் தூக்கியிலே வடநாட்டுச் சேட்டாக வந்து, அரைகுறைத் தமிழைக் குழைத்துக் குழைத்துப் பேசி மக்களைச் சிரிக்கவைத்தார். அவருக்குள் இருந்த நகைச்சுவை அங்கே நன்றாக வெளிப்பட்டுவிட்டது. வில்லனைக் கண்டு பயந்த அதே கூட்டம் அவரைக் கண்டு சிரிக்கவும் பழகியது.

எமக்கு மிகவும் பிடித்த பாலையா 1959ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையிலே இருக்கின்றார். பீம்சிங் இயக்கிய அப்படத்திலே கைவிளங்காத கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்த நடிப்பைப் புகழாதார் இல்லை. ஆயினும் கதையின் வேதனை எங்கே இருக்கின்றது? ஒரு குடும்பத்தின் இரு சகோதரர்களிடத்திலே இருக்கின்றது. மூத்தவர் வைத்தியலிங்கமாகப் பாலையா. இளையவர் சுந்தரலிங்கமாக எஸ். வி. சுப்பையா. மூத்தவரின் மனைவி அகிலாண்டமாகச் சி. கே. சரஸ்வதியும், அவள் பக்கத்து உறவினனாக எம். ஆர். ராதாவும் வந்து வீட்டிலே தீயை மூட்டுகின்றனர். வீடு இரண்டாகின்றது, நடுவே சுவர் எழுகின்றது.

வளவும் வயலும் பங்கிடப்பட்டதால் அண்ணன் தம்பி முகம் பாராத வீடுகள் எமது ஊர்களிலும் இல்லாமலில்லை. அவ்வீடுகளிலே வளர்ந்தவர்களுக்குப் பாலையாவின் அந்த வேடம் கதையாகத் தோன்றாது. தம்பிமேல் கொண்ட பாசம் அவர் முகத்திலே இருக்கின்றது. மனைவிக்கு அஞ்சும் அச்சம் அவர் நாவிலே இருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே அவர் நடந்து திரியும் நடையிலே ஒரு முதிய மனிதனின் மானக்கேடு முழுவதும் தெரிகின்றது. கெட்டவனும் அல்லாத, நல்லவனாக நிற்கத் துணிவும் அற்ற ஒருவனை நடிப்பதுதான் கடினம். வில்லனுக்குக் கண்ணை உருட்டலாம். நாயகனுக்குக் கண்ணீர் விடலாம். வைத்தியலிங்கத்துக்கு இரண்டும் உதவா.

1964ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே ஸ்ரீதர் இயக்கிய காதலிக்க நேரமில்லை வெளியாயிற்று. சின்னமலைத் தோட்டத்து முதலாளி விசுவநாதனாகப் பாலையா. பணக்காரச் சம்பந்தத்துக்கு ஆசைப்படும் அத்தந்தையை ஏமாற்றவென்று முத்துராமன் கிழவேடம் பூண்டு வருவதும், பணம் என்றதும் பாலையாவின் முகத்திலே தோன்றும் மலர்ச்சியும் யாவரும் கண்டு மகிழ்ந்தவை. ஆயினும் அப்படத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோர் நினைவிலும் எழுவது ஒரேயொரு காட்சிதான். படம் எடுக்கப் பித்துப்பிடித்த மகன் செல்லப்பா தந்தையை உட்காரவைத்துப் பேய்க்கதையொன்றைச் சொல்லும் காட்சி அது.

செல்லப்பாவாக நாகேஷ் கதவு கிரீச்சிடும் ஓசையும் காற்றின் ஊளையும் வாயாலேயே எழுப்பிக் கதை சொல்கின்றார். நாகேஷின் திறமைக்கு அது சான்று என்று எழுதாத ஏடில்லை. நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் வாசகர் ஒருமுறை அக்காட்சியைப் பார்க்கும்போது நாகேஷைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டுப் பாலையாவை மட்டும் பார்ப்பாராக. முதலிலே அலட்சியம், பின் சிறிதே ஆவல், பின் கதையைக் கேட்காமலும் இருக்கமுடியாத, கேட்கவும் முடியாத தவிப்பு, கடைசியிலே பகல் வெளிச்சத்திலேயே நடுக்கம். அவர் பேசுவது மிகக் குறைவு. அக்காட்சியிலே உண்மையாகப் பேய் எதுவும் வரவில்லை. நாம் பேயைக் காண்பது பாலையாவின் முகத்திலேதான். கதை சொல்வோனுக்கு எதிரே கல்லாக ஒருவர் அமர்ந்திருந்தால் நாகேஷ் எத்தனை ஓசை எழுப்பியும் யாது பயன்? கேட்பதும் ஒரு நடிப்பு என்பதைத் தமிழ்த்திரையிலே இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நாம் அறியோம். இப்படம் இந்தியிலே 1966ஆம் ஆண்டு மறுபடி எடுக்கப்பட்டபோது ஓம் பிரகாஷும் மெஹ்மூதும் அக்காட்சியைச் செய்தனர். மெஹ்மூதுக்கு அப்படத்துக்காகப் பரிசும் கிடைத்தது. பரிசு அங்கும் கதை சொன்னவருக்கே.

இனி நாம் சொல்லவேண்டியது திருவிளையாடல் பற்றி. ஏ. பி. நாகராஜன் இயக்கிய இப்படம் 1965ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் வெளிவந்தது. எமது மன்றத்து அன்பர்கள் பரஞ்சோதி முனிவரின் புராணத்தைப் படனங் கேட்டவர்கள். விறகு விற்ற படலத்திலே ஏமநாதன் என்னும் யாழ்வல்லோன் வடநாட்டிலிருந்து வந்து, வரகுண பாண்டியன் அவையிலே பாடி வரிசை பெறுகின்றான். அவனோடு வாது செய்யும்படி அரசன் பாணபத்திரனுக்குக் கட்டளையிட, பாணபத்திரன் சோமசுந்தரக் கடவுளிடம் முறையிடுகின்றான். இறைவன் விறகு சுமந்து வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையிலிருந்து சாதாரிப் பண்ணைப் பாடுகின்றான். கேட்ட ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகின்றான். புராணத்தின் நோக்கம் இறைவன் அடியாருக்கு எளியவனாய் வந்த அருளைக் காட்டுவது. ஏமநாதன் அங்கே ஒரு கருவி மாத்திரமே.

படத்திலே ஹேமநாத பாகவதராகப் பாலையா வருகின்றார். பட்டும் பதக்கமுமாய், முன்னும் பின்னும் சீடர் கூட்டமாய் அவர் அவைக்குள் நுழையும்போதே கல்விச் செருக்கு என்பது இன்னதென்று விளங்கிவிடுகின்றது. பல இராகங்களின் பெயர்களைக் கோத்துக் கண்ணதாசன் இயற்றிய இராகமாலிகையைப் பாலமுரளிகிருஷ்ணா பாடினார். இசை கே. வி. மகாதேவன். கருநாடக இசையிலே கரைகண்ட அவ்வித்துவானின் குரலுக்குப் பாலையா வாயசைத்தார் என்று சொல்வது போதாது. தொண்டை நரம்பும் புருவமும் தாளமிடும் கையும் அக்குரலுக்கு உடையவராகவே அவரைக் காட்டின. பாடிக்கொண்டே அவையைச் சுற்றி நோக்கும் அந்தப் பார்வையிலே, உங்களில் எவனுக்கு இது வரும் என்ற கேள்வி எழுதப்பட்டிருக்கின்றது.

சில பெரியோர் அந்நாளிலும் பின்பும் ஒரு குறை கூறினர். சிவபெருமான் திருவிளையாடலைப் பார்க்கவந்த மக்கள் ஹேமநாதனின் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வீடு செல்கின்றனரே என்பது அக்குறை. நாம் அதனை ஒப்பமாட்டோம். ஏமநாதன் வெறும் போலிப் புலவனாக இருந்தால் அவனை வெல்ல ஆலவாய் அண்ணல் விறகு சுமக்கவேண்டியதில்லை, பாணபத்திரனே போதும். அவன் மெய்யான வித்துவானாக இருந்தாற்றான் பாணபத்திரனின் அச்சமும் மெய். இறைவனின் வருகையும் இன்றியமையாதது. பாலையா ஹேமநாதனை எத்தனை உயரத்திலே ஏற்றினாரோ அத்தனை உயரம் மதுரைச் சொக்கனின் பெருமையும் ஏறிற்று.

அடுத்து வருவது அந்த இரவுக் காட்சி. திண்ணையிலே கிடக்கும் விறகுவெட்டியின் பாட்டு எழுகின்றது. பாடியவன் பாணபத்திரர் தகுதியில்லை என்று கழித்துவிட்ட மாணாக்கன் என்று ஹேமநாதனுக்குத் தெரியவருகின்றது. கழிக்கப்பட்டவன் இவ்வளவு பாடினால் ஆசிரியன் எப்படிப் பாடுவான்? இந்தக் கணக்கு மனத்திலே ஓடுவதையும், ஓடி முடிந்ததும் பட்டும் பதக்கமும் உடம்பிலே பாரமாகத் தொங்குவதையும் பாலையா காட்டுகின்றார். ஆனால் ஒன்று: அவர் ஹேமநாதனைக் கோமாளியாக்கவில்லை. நல்ல இசையைக் கேட்டால் அது நல்லது என்று அறியும் செவி அவனுக்கு இருந்தது, அதனாற்றான் ஓடினான். செவியில்லாதவனாயின் விடிந்ததும் அவைக்குப் போய் வாதிட்டிருப்பான். தோல்வியிலும் அவனுக்கு இந்த மதிப்பை விட்டுவைத்தது பாலையாவின் பெருந்தன்மை. மேல்நாட்டு நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் ஆராய்ந்து மதங்க சூளாமணி எழுதிய எமது விபுலாநந்த அடிகள் இக்காட்சியைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நாம் எண்ணுவதுண்டு. அடிகள் 1947ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

இப்படத்தின் கதைவசனம் எமது கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே நெடுங்காலம் ஒலித்தது. படத்தைப் பாராத சிறுவரும் ஹேமநாதனின் குரலை அறிந்திருந்தனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே நாகராஜன், கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளைப் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்குவாக வந்தார் பாலையா. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த ஈழத்து இரசிகர்களை அந்த விடயத்திலே ஏமாற்ற முடியாது. நடிகர் சும்மா தட்டினால் சிரித்துவிடுவர். பாலையாவின் தோளும் மணிக்கட்டும் தலையசைப்பும் தவிற்காரருடையனவாகவே இருந்தன. முன்கோபியான சண்முகசுந்தரத்தை அதட்டியும் தட்டிக்கொடுத்தும் உடன் நடக்கும் மூத்த துணையாகவும் அவர் அமைந்தார். நாதஸ்வரம் முன்னே செல்லத் தவில் பின்னே நின்று தாங்குவது போன்றதே அவர் நடிப்பும்.

அதற்கு முந்திய ஆண்டிலே பாலசந்தரின் பாமா விஜயத்திலே, நடிகை ஒருத்தி அடுத்த வீட்டுக்கு வந்ததும் வரவுக்கு மீறிச் செலவிடும் மூன்று மகன்மாரையும் மருமக்களையும் திருத்தும் தந்தையாகவும், ஸ்ரீதரின் ஊட்டி வரை உறவிலே தவிக்கும் தந்தையாகவும் நடித்தார். ஐம்பது வயதைக் கடந்தபின் அவருக்கு வந்த வேடங்கள் இளமையில் வந்தவற்றைவிடச் சிறந்தவை. கதாநாயகருக்கு வயது பகை. பாலையாவுக்கோ அது நட்பாயிற்று.

1972ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆந் திகதி, ஐம்பத்தேழாம் வயதிலே அவர் காலமானார். எமது மாமாங்கேசுவரர் தீர்த்தத்துக்கு அடியார் கூடும் ஆடி மாதம் அது. அவருடைய மைந்தர் ஒருவர் ஜூனியர் பாலையா என்ற பெயருடனேயே திரையில் நடித்து, 2023ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். தந்தையைப் போல அவரும் பக்கத்திலே நிற்கும் வேடங்களையே பெரும்பாலும் ஏற்றார்.